பின்பக்கத்துக் கல்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கை ஐஸ் பெட்டியைப் பிடித்த அளவுக்குப் பேனாவைப் பிடிக்கவில்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். எங்கே பெரிய ‘ற’ போடுவது, எங்கே சின்ன ‘ர’ போடுவது என்று இந்த வயதிலும் தெரியாது. பிழைகளை என் மகள் திருத்தித் தந்தாள். எழுத்தைத் திருத்து, விசயத்தைத் திருத்தாதே என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்லக் கூடியவனாக நான் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

எழுதப் போவது ஒரு மனிதரைப் பற்றி. பெயர் வேண்டாம். கல்முனைக்குடியில் அவரை மலேரியாக்காரர் என்று சொன்னால் தெரியும். நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டேன். வீடு வீடாக நுளம்பு மருந்து அடிக்கும் ஆட்களுக்கு அவர் மேற்பார்வை. காக்கிக் கால்சட்டை, வலது காதுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சோக்கு. மருந்து அடித்து முடிந்த வீட்டுக் கதவில் தேதி எழுதுவதற்கு அந்தச் சோக்கு. லீவு நாளிலும் அது காதில்தான் இருக்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது மட்டும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போடுவார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. "எங்கால வந்த?"

காய்ச்சல் என்றாலும் அதுதான், கதை என்றாலும் அதுதான். யாராவது வந்து இன்னாருக்கு இன்ன மாதிரியாம் என்று சொன்னால், "இது எங்கால வந்த கதை?" என்று கேட்டு, சொன்னவருக்குச் சொன்னவரைத் தேடிப் போய்விடுவார். ஒரு கலியாண வீட்டில் கறியில் உப்புக் கூடிவிட்டது. சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார்கள். அவர் எழும்பிச் சமையல் கொட்டிலுக்குப் போய்விட்டார். சஹனில் ஒருவர் எழும்பினால் மற்றவர்கள் கையை மடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். வந்து இருந்தார்.

"ரெண்டு பேர் உப்புப் போட்டிரிக்காங்க. மூத்தவன் போட்டத இளையவன் காணல்ல."

"சரி, கண்டுபுடிச்சிட்டீங்க. இப்ப உப்புக் குறைஞ்சிட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"குறையல்ல. அடுத்த சட்டி தப்பும். தின்னுங்க."

சிரித்தோம். ஆனால் எல்லா இடத்திலும் சிரிக்க முடியாது. ஒரு முறை ஒரே ஒழுங்கையில் நான்கு வீடுகளில் காய்ச்சல். அவர் மூன்று நாட்கள் வளவு வளவாக நடந்தார். சிரட்டை, கிணறு, கூரைப் பீலி ஒன்றையும் விடவில்லை. கடைசியில் ஒருவரின் வளவுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகிய செங்கல் அறுத்த குழியொன்றை வேலி ஓலை மறைத்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிய கையோடு ஒழுங்கைக்கு வந்து, ஆண்களும் பெண்களும் நிற்க, அந்த வீட்டு வாசல் படலையைக் கையால் காட்டி, "இங்காலதான்" என்றார். ஏசவில்லை. வேறொரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர் ஒரு மாதம் பள்ளிவாசலில் கடைசிச் சப்பு வரிசையில் நின்று தொழுதார்.

எனக்கு அந்தக் கைதான் பயம். நான் நாலு பேர் பார்த்தால் நடை தடுமாறுகிறவன். அந்தக் கை என் பக்கம் நீண்டால் நான் ஊரை விட்டே போய்விடுவேன் என்று நினைத்திருக்கிறேன்.

மற்ற வீடுகளில் கண்ணாடி அலுமாரி வைக்கும் இடத்தில் அவர் ஒரு கடலையே வைத்திருந்தார். சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம், மாற்றலாகிப் போன ஒரு இஞ்சினியர் விட்டுப்போன பெரிய கண்ணாடித் தொட்டி. இரும்புச் சட்டத்தை உப்புத் தின்னாமல் தார் பூசியிருந்தார். உள்ளே முருகைக்கற்கள், பவளப்பாறைத் துண்டுகள். கற்களின் மேல் உயிருள்ள முருகைகள் காலையில் விரல் விரலாக விரியும். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்கள் ஒரு பெரிய கடற்பூவுக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். கொழும்பிலிருந்து எடுப்பித்த காற்றுப் பம்ப் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலைகளில் அலைக்கு அப்பால் இறங்கி இரண்டு டிரம் தண்ணீர் அள்ளி, நான் சந்தைக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டிலில் தள்ளிக்கொண்டு வருவது என் வேலை. அவர் ஒரு கிளாசில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒரு சொட்டை நாக்கில் வைப்பார். கலங்கல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். நான் ஒன்றும் பேசாமல் வண்டிலைத் திருப்புவேன்.

"உனக்கு வாய வெச்சது சோறு தின்ன மட்டுமாடா?" என்பார். அவருடைய மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி உள்ளே இருந்து, "பேசாத பொடியனைப் பேசிக் கொல்லாதீங்க" என்பார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருந்தது. இருந்தாலும் மதினிக்கு நான் பொடியன்தான்.

அவர் எப்படிப்பட்டவர் என்று நான் முழுதாகக் கண்டது மருந்து அடித்த ஒரு நாளில். அந்தக் காலத்தில் புதிதாக வந்த மருந்து பொல்லாத நாற்றம். கோழி சாகிறது, மூட்டைப்பூச்சி கூடுகிறது என்று சொல்லிச் சனம் கதவைப் பூட்டிக்கொண்டது. ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "முதல்ல உங்கட வீட்டுக்கு அடிங்க. அந்த மீன் தொட்டி இரிக்கிற அறைக்கும் அடிங்க. மறுகா எங்கட வீட்டுக்கு வாங்க."

"சரி. நாளைக்குக் காலையில" என்றார்.

மதினி தலையில் கை வைத்துவிட்டார். "அடிச்சா மீன் தப்புமா?"

"தெரியா."

"அந்த அறைய மட்டும் விட்டா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

தொட்டியைத் தூக்க முடியாது. தூக்கினால் உடையும். தொட்டியின் வாயைப் பொலித்தீனால் மூடி, விளிம்பு முழுவதும் கோதுமை மாப் பசையால் ஒட்டினோம். அதற்கு மேல் நனைத்த சாரத் துணிகள். பம்ப் அறைக் காற்றை இழுக்கும் என்பதால் அதை நிறுத்தியாயிற்று. நீளமான ரப்பர் குழாய் ஒன்றை யன்னலால் வெளியே கொண்டுபோய், முற்றத்தில் சைக்கிள் பம்போடு இணைத்து என்னை உட்கார வைத்தார்.

"மனிசன் மூச்சு விடுற மாதிரி அடி. அவசரப்படாத. நிப்பாட்டவும் படாது."

உள்ளே அவரே முகத்தில் துணி கட்டிக்கொண்டு மருந்தடித்தார். வேலியைச் சுற்றி ஊர் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு பம்பை அடித்தேன். தோள் இறங்கிவிட்டது. நாற்றம் அடங்கும் வரை, மத்தியான ளுஹர் பாங்கு வரை அடித்தேன். சாரங்களை எடுத்தபோது மீன்கள் பூவுக்குள் அசைந்தன. நீல நிறக் குட்டி மீன் ஒன்று மட்டும் மணலில் சரிந்து கிடந்தது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவர்ப் பக்க மூலையில் ஒரு விரல் அகலத்துக்குப் பசை விட்டிருந்தது.

"இந்த மூலய ஒட்டினது நான்" என்றார் வேலிப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்க. "இங்காலதான்." பிறகு சோக்கை எடுத்துத் தன் கதவில் தேதி எழுதினார். அன்றைக்கு ஒழுங்கையில் எல்லா வீடும் திறந்தது.

வடக்கே தமிழ் ஊரான பெரியநீலாவணையிலிருந்து ஒரு சுழியோடி அண்ணன் அவரிடம் வருவார். கொழும்பு ஏஜென்டுக்காகக் கடலில் சுழியோடி வண்ண மீன் பிடித்துத் தன் வளவில் சீமெந்துத் தொட்டிகளில் வைத்திருப்பவர். மாதத்தில் ஒரு தடவை ஒரு மீனையோ, சின்ன முருகையையோ வாளியில் கொண்டு வருவார். அன்றைக்குக் காக்காவின் முகம் வேறு. "இஞ்ச வந்து பாருங்க, தம்பி கொண்டந்திரிக்கிறத" என்று மதினியைக் கூப்பிடுவார். தேத்தண்ணி வரும், வாழைப்பழம் வரும். இருவரும் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து கதைப்பார்கள். நான் வெறும் டிரம்மோடு வாசலில் நிற்பேன்.

எனக்கும் ஒரு நாள் அப்படி ஒன்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இதுதான் என் பிழையின் வேர்.

வாடைக்காற்றுக் காலம். சாய்ந்தமருதுப் பக்கம் தோணா என்று ஒரு நீரோடை இருக்கிறது. மழைக்கு அது வாயுடைத்துக் கடலோடு சேரும். அந்த வாயில் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டேன். கையடங்கிய கல். அதில் கொத்தமல்லி விதை அளவில் ஒரு பூ. தண்ணீருக்குள் பிடித்தால் கண்ணாடி போலத் தவிட்டு நிறத்தில் மெல்லிய இழைகளை விரித்தது. வடிவாக இருந்தது. வெள்ளிக்கிழமை கொண்டு போனேன். காக்கா வேலைக்குப் போயிருந்தார். தொட்டியின் பின்பக்கம், சுவர் மூலையில் அதை வைத்தேன். பூ பெரிதாகட்டும், பிறகு காட்டுவோம் என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளி அவர் ஏதோ கோபத்தில் இருந்தார். சொல்லவில்லை. அதற்கடுத்த வெள்ளி வீட்டில் ஆட்கள். சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அவர் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்று, முன்கல்லில் இருந்த தவிட்டு நிறப் பூவொன்றைக் காட்டினார்.

"இது எங்கால வந்த?"

நான் வெறும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பூவுக்கு ஊரில் பெயர் கிடையாது. மதினி அதற்குக் கள்ளப்பூ என்று பெயர் வைத்தார். தொடப் போனால் கல்லின் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். கையை எடுத்தால் வெளியே வரும். அதன் இழை பட்ட முருகை விரிவதை நிறுத்தி, வெளுத்து, எலும்பாகிவிடும். சின்ன மீன்கள் அந்தப் பக்கம் போனால் துடித்துத் திரும்பும். காக்கா சவர அலகை எடுத்து வேரோடு என்று நினைத்துச் சுரண்டினார். சுரண்டிய துணுக்குகள் தண்ணீரோடு போய் இருந்த இடமெல்லாம் பூவாயின. ஒன்று இருந்த இடத்தில் பத்து நாளில் ஒரு குடும்பம். காய்ச்சிய தண்ணீரைக் கண்ணாடிச் சிறிஞ்சால் ஊற்றினார். சுருங்கிக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் வந்தது. சில கற்களை வெயிலில் காயப்போட்டார். உயிருள்ள முருகை ஒட்டிய கல்லைக் காயப்போட முடியாது. அந்தக் கல்லில் அது மிச்சமிருந்து திரும்ப எழும்பும்.

நான் வெள்ளிக்கிழமைகளில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடுவேன். பின்பக்கம் பார்க்க மாட்டேன். இரவில் சோறு இறங்காது. மனைவி கேட்டால் வயிற்றுக் குத்து என்பேன்.

சுழியோடி அண்ணன் வந்து பார்த்தார். பார்த்த உடனே சொன்னார்: "இது பொல்லாத சாமான் ஐயா. அலகு வெக்கப்படா. வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்ப இளக்கிச் சிறிஞ்சால அதுட வாயில மெதுவா விடுங்க. தின்ன வந்திரிக்கி எண்டு நினைச்சி விழுங்கும். மறுகா எழும்பாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்ட தொட்டியிலயும் ஒருக்கா வந்த. சுண்ணாம்புக்குத்தான் அடங்கின."

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த அண்ணனுக்கு ஒன்றும் நடந்திராது. காக்காவின் முகம் இறுகியதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். செங்கல் குழியைக் கண்ட முகம்.

"அப்ப உன்ட தொட்டியாலதான் இஞ்ச வந்திரிக்கி."

"அது முடிஞ்சி மூணு வருசம் ஐயா. நான் உங்களுக்குத் தந்தது எல்லாம் கழுவித் தந்த கல்லு."

"மருந்து தெரிஞ்சவனுக்கு நோயும் தெரிஞ்சிரிக்கணும். தெரிஞ்சும் தந்திரிக்காய்."

"என்ட கல்லு இல்ல ஐயா" என்றார் அண்ணன் ஒரே ஒரு தரம். வாளியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார். நான் வழி விட்டேன். வழி மட்டும்தான் விட்டேன்.

அதோடு முடியவில்லை. அந்தக் கிழமையே கல்முனைச் சந்தையில், மீன் மேடைகளுக்கு நடுவே அண்ணன் நின்றபோது, காக்கா ஒரு போத்தலில் பூவோடு கல்லைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினார். கை நீண்டது. "இங்காலதான். இவன்ட தொட்டியெல்லாம் நோய் வருத்தம்." கொழும்பு மீன் ஏஜென்டின் ஆள் அங்கே நின்றான். அதற்குப் பிறகு ஏஜென்டின் லொறி பெரியநீலாவணைக்குப் போகவில்லை.

நான் அன்று ஐஸ் இறக்கிக்கொண்டு அதே மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

அதன் பிறகு இரண்டு வருசம் அவர் கள்ளப்பூவோடு சண்டை பிடித்தார். சுண்ணாம்பு மட்டும் வைக்கவில்லை. மதினி வெற்றிலை போடுகிறவர். சுண்ணாம்புக் குப்பி தொட்டிக்கு எதிரே யன்னல் விளிம்பிலேயே இருக்கும். ஒரு நாள் மதினி அதை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. முருகைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. நான் தண்ணீர் சுமந்தேன்.

பிறகு அவருக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர் போவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார். தெரிந்தும் தெரியாமலும் நான் செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்பார். மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் பொருந்தினால்தான் அல்லாஹ்வும் பொருந்துவான் என்று நம்புகிறவர்கள் நாங்கள். மற்றவர்கள் உறவுக்காரர், அயலவர் என்று போய் முடித்துக்கொள்வார்கள். இவர் மருந்தடித்த வரிசையில் போனார். ஊருக்குள் ஒரு வீட்டையும் விடவில்லை. செங்கல் குழிக்காரரின் படலைக்கும் போனார். அந்த மனிதர் இவரைக் கட்டிப் பிடித்து அழுததாகச் சொன்னார்கள்.

பயணத்துக்கு முந்தின நாள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். கடைசி வீடு என்னுடையது. ஸலாம் சொல்லும் சத்தம் ஒவ்வொரு வீடாகக் கிட்டக் கிட்ட வந்தது. பின் வாசலால் போய்விடலாம் என்று பார்த்தேன். மனைவி தண்ணீர்க் குடத்தோடு வழியில் நின்றாள். "எங்க போற? காக்கா வாறாரு."

அவர் வந்து கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"தம்பி, உன்னை ஏசியிரிக்கன். தண்ணியத் திருப்பி அனுப்பியிரிக்கன். பொருந்திக்கோ."

"பொருந்திட்டன் காக்கா. நீங்களும் என்னைப் பொருந்திக்கோங்க."

"உன்னை என்னத்துக்குடா பொருந்திற? வாயில்லாதவன் என்ன பிழை செய்யிற?" சிரித்தார். திரும்பினவர் நின்றார். "நீ எல்லாப் பக்கமும் வண்டில் தள்ளுறவன். யோசிச்சிச் சொல்லு. நான் ஆரையும் விட்டுட்டனா?"

நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீலாவணை அண்ணன்."

அவருடைய சிரிப்புப் போய்விட்டது. "அவன்தான் என்னட்டக் கேக்கணும்."

"இல்ல காக்கா. அந்தக் கல்ல வெச்சது நான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஒரு வீட்டைச் சோதிக்கிற மாதிரிக் கேட்டார்.

"எந்தக் கல்லு?"

"கறுப்புக் கல்லு. பின்பக்கம், சுவர் மூலையில."

"எப்ப?"

"வாடைக் காத்துக்குள்ள. நீங்க வேலைக்குப் போயிரிந்தீங்க."

"எங்கால எடுத்த?"

"தோணா வாயில. அதுல சின்னனா ஒண்டு இரிந்த. உங்களுக்கு விருப்பமாயிரிக்கும் எண்டு..."

கதிரையில் இருந்தார். காதிலிருந்த சோக்கை எடுத்து விரல்களுக்குள் உருட்டினார்.

"பின்பக்கத்த நான் பாக்கல்ல" என்றார். "பசை விட்டதும் அந்த மூலதான். மறுகாவும் பாக்கல்ல." எழும்பினார். "சைக்கிள எடு."

அந்த நாட்களில் வடக்குப் பக்க றோட்டு ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் பூட்டும். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த காலம். இரண்டு நாட்களுக்கு முன்தான் றோட்டில் டயர் எரிந்தது. மதினி படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குப் பயணம். இண்டைக்கா அங்க போற?"

"இண்டைக்குப் போகாட்டி நாளையப் பயணம் என்னத்துக்கு?"

அவர் முன்னால் மிதித்தார். நான் பின்னால். மருதமுனைக் கடைகளில் ஆட்கள் எழும்பி நின்று, "காக்கா, அங்கால போகாதீங்க" என்று சத்தம் வைத்தார்கள். அவர் மணியை அடித்துக்கொண்டே போனார். அதைத் தாண்டினால் றோட்டு வெறிச்சோடிக் கிடந்தது. எரிந்த டயரின் கம்பி மட்டும் தாரில் ஒட்டியிருந்தது. பெரியநீலாவணை தொடங்கும் இடத்தில் ஐந்தாறு இளைஞர்கள் பனங்குற்றியைக் குறுக்கே போட்டுவிட்டு நின்றார்கள். ஒருவன் கையில் பொல்லுத்தடி.

"ஆர் நீங்க? எங்கால வாறீங்க?"

அவருடைய கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சைக்கிளை விட்டு இறங்கினார்.

"கல்முனைக்குடி. மலேரியா."

"மருந்து அடிக்கிற நேரமா இது?"

"இல்ல. ஒரு மனிசன்ட மன்னிப்புக் கேக்க வந்த."

பொல்லுக்காரன் கிட்ட வந்தான். பின்னால் நின்ற ஒருவன் அவனுடைய தோளைத் தொட்டான். "விடுடா. எங்கட கதவுல தேதி எழுதுற மனிசன். அம்மாக்குக் காய்ச்சல் வரக்குள்ள மூணு நாள் வந்தவர்." பொல்லு இறங்கியது. பனங்குற்றியை உருட்டி வழி விட்டார்கள்.

சுழியோடி அண்ணனின் சீமெந்துத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. ஒன்றில் விறகு அடுக்கியிருந்தது. ஒன்றுக்குள் ஆட்டுக்குட்டி நின்றது. அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இருங்கள் என்று சொல்லவில்லை. அவருடைய மனைவி வாசலில் குறுக்கே கை வைத்து நின்றார்.

"தம்பி, அந்தக் கல்லு உன்ட இல்ல."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் ஐயா."

"எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"அப்ப ஆர் வெச்ச?"

நான் சொல்ல வேண்டிய இடம் அது. அதற்காகத்தான் கூட வந்தேன். நான் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ட வீட்டுத் தொட்டி. என்ட பிழை" என்றார்.

அண்ணன் ஆட்டுக்குட்டியைத் தொட்டியிலிருந்து தூக்கி வெளியே விட்டார். "அந்தப் பூ செத்தா?"

"சாகல்ல."

"சுண்ணாம்பு வெச்சீங்களா?"

"வெக்கல்ல."

"ஏன்?"

"நீ சொன்ன எண்டதால."

வாசலில் நின்ற பெண் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"பொருந்திக்கோ தம்பி. நாளைக்கு ஹஜ்ஜுக்குப் போறன்."

"சந்தைக்குள்ள வெச்சி என்னைக் காட்டினீங்க. இப்ப ஆரும் இல்லாத வளவுக்குள்ள வந்து கேக்கிறீங்க." குரல் உயரவில்லை. "சந்தைக்குள்ள சொல்லுங்க ஐயா. நான் வர மாட்டன். எனக்குக் காதுக்கு வரும். அப்ப பாப்பம்."

"சரி" என்றார் காக்கா.

திரும்பி நேரே சந்தைக்கு மிதித்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைச் சந்தை நிறைந்திருக்கும். கரைவலை மீன் வந்து இறங்கியிருந்தது. அவர் சைக்கிளை என்னிடம் தந்துவிட்டு மீன் மேடையில் ஏறினார். நாளைக்கு ஹஜ்ஜுக்குப் போகிற மனிதர், செதிலும் இரத்தமும் கிடந்த மேடையில் வெறுங்காலோடு நின்றார்.

"ரெண்டு வருசத்துக்கு முதல் இந்த இடத்தில பெரியநீலாவணைத் தம்பியக் கை காட்டினன். நான் சொன்னது பொய். அவன்ட தொட்டியில வருத்தம் இல்ல. அவன்ட கல்லும் இல்ல. கேட்டவங்க கேக்காதவங்களுக்குச் சொல்லுங்க."

சத்தம் அடங்கியது. பிறகு பின்னாலிருந்து ஒரு மீன்காரர், நல்ல வாய்க்காரர், கூவினார்:

"அப்ப ஆர்ட கல்லு காக்கா? எங்கால வந்த?"

சந்தை முழுவதும் சிரித்தது. அவருடைய கேள்வி அவருக்கே திரும்பி வந்த சிரிப்பு. நான் இரண்டு சைக்கிள்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கு நேரே நின்றேன். அவருடைய கண் என் மேல் பட்டது. வலது கை கொஞ்சம் அசைந்தது. இனி ஊரை விட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்தக் கை மேலே போய்க் காதுச் சோக்கைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

"தெரியா" என்றார்.

"மலேரியாக்காரருக்கே தெரியாவாம்!" இன்னும் சிரித்தார்கள். அவர் மேடையை விட்டு இறங்கினார். ஒன்றைக் கண்டுபிடிக்காமல் அவர் விட்டதை ஊர் கண்டது அன்று மட்டும்தான். அதையும் அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அந்தச் சனத்துக்குள் எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வேன் வந்து நின்றது. சனம், ஸலவாத்துச் சத்தம், அழுகை. வடக்கிலிருந்து தயிர்ச் சட்டி கொண்டு வருகிற ஒரு கிழவர் சனத்துக்குள் நுழைந்து, வெற்றிலையில் சுற்றி நாரால் கட்டிய சின்னப் பொட்டலம் ஒன்றைக் காக்காவின் கையில் வைத்தார். "நீலாவணையால தந்து விட்ட." வேறு சேதி இல்லை. பிரித்தார். சுண்ணாம்பு. வெள்ளையாக, ஈரமாக.

வேனில் ஏறியவர் யன்னலால் அதை என் கையில் தந்தார். "நான் வரக்குள்ள ஒரு பூவும் இரிக்கப்படா."

அவர் இல்லாத நாட்களில் தினமும் காலையில் நான் போனேன். சுண்ணாம்பை இளக்கிச் சிறிஞ்சில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பூவின் வாயிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். அண்ணன் சொன்ன மாதிரியே விழுங்கின. விழுங்கி, சுருங்கி, வெள்ளையாகக் கரைந்தன. பின்பக்கத்துக் கறுப்புக் கல்லைக் கடைசியாகச் செய்தேன். அதை வெளியே எடுத்துப் போட்டுவிடு என்று மதினி சொன்னார். நான் போடவில்லை. கழுவி அதே மூலையில் வைத்தேன்.

அவர் திரும்பி வந்து ஸம்ஸம் தண்ணீரும் ஈத்தம்பழமும் தந்தார். தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். இந்தத் தடவை பின்பக்கமும் குனிந்து பார்த்தார். கறுப்புக் கல்லைக் கண்டிருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருசம் நான் தண்ணீர் சுமந்தேன். ஊரில் மற்ற எல்லாவற்றுக்கும் "எங்கால வந்த?" என்று கேட்டார். கல்லைப் பற்றி என்னிடம் ஒரு தரம் கூடக் கதைக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அண்ணன் பிறகு வரவில்லை. அதற்குள் றோட்டு முழுதாகப் பூட்டிவிட்டது. திறந்தபோது அந்த வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காக்கா இறந்து மவுத்தானபோது நான் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தேன். கபுறடியில் நின்ற ஒருவர், "எல்லாத்தையும் கண்டுபுடிச்ச மனிசன், அந்தக் கல்லுட கதைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டார்" என்றார். அங்கேயும் நான் மண் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கும் ஹஜ்ஜுக்குப் போகிற வயது. பணம் இல்லை. ஆனால் பொருத்தம் கேட்பதற்குப் பணம் தேவையில்லை. அண்ணனோ அவருடைய பிள்ளைகளோ எங்கிருந்தாவது இதைப் படித்தால் பொருந்திக்கொள்ள வேண்டும். சந்தையில் அன்று கூவிக் கேட்ட மனிதரும் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் அவர் கேட்டதற்கு ஒரு பதில் இருக்கிறது.

அந்தக் கல் தோணா வாயால் வந்தது. கொண்டு வந்து வைத்தது நான்.

துல்ஹஜ் பிறை எட்டு, வியாழக்கிழமை.